நாற்பத்தொரு சைகைகள்

வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியால் அப்பாவின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஹெலன். சுண்டுவிரலுக்கு வருவதற்குள் அவர் கையை உருவிக்கொண்டார். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா ஞானதாஸுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடம் போகாததால் எழுதவும் தெரியாது. அறுபத்தொரு வயது வரை அவர் பேசியதெல்லாம் கையால்தான். அந்தச் சைகைகளை அவரே உண்டாக்கிக்கொண்டார். வீட்டில் இருந்த மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் அவை முழுதாகப் புரியாது.

ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து உதட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு கையை முன்பக்கம் மெல்ல வீசினார். வீசிவிட்டு ஹெலனின் முகத்தையே பார்த்தார்.

ஹெலனுக்குப் புரியவில்லை. இந்தச் சைகையை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

"ம்மா, நைனா இன்னா கேக்கறாரு பாரு."

அமிர்தவல்லி வாசல்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"பீடி கேக்குது மனுஷன். வுட்டு பத்து வருஷம் ஆச்சு. இப்ப ஆசை வந்துகீது பாரு." பிறகு அவரைப் பார்த்துக் கத்தினாள். "பீடி ஒரு கேடா உனக்கு?"

கல்யாணமான முப்பத்தைந்து வருடமாக அவள் அவரிடம் சத்தம் போட்டுத்தான் பேசிவந்தாள். கேட்காதவரிடம் ஏன் கத்துகிறாய் என்று கேட்டால், கேட்டுட்டா மட்டும் இன்னா செய்யப் போவுது என்பாள். அவரும் அவள் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதை வைத்துக் கோபத்தை அளந்துகொள்வார். அவளுக்கு அவர் வைத்திருந்த பெயரே அதுதான்: நான்கு விரலும் கட்டைவிரலும் கோழியின் அலகைப் போலத் திறந்து திறந்து மூடும்.

அண்ணன் ஸ்டான்லி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான். ஒரு வாரமாக விடுப்பு. ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டு பீடியோடு வந்து, ஒன்றை உருவி அப்பாவின் விரலிடுக்கில் வைத்தான்.

அப்பா அதைப் பார்த்தார். மோந்து பார்த்தார். தோள் இரண்டும் குலுங்கின. அது அவருடைய சிரிப்பு. சிரித்து, இருமி, மூச்சு அடங்கியதும் பீடியை எடுத்து ஸ்டான்லியின் காதில் செருகிவிட்டார். பிறகு பழையபடி இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்தார்.

"பீடி இல்லியாம்," என்றான் ஸ்டான்லி.

ஹெலன் தண்ணீர் காட்டினாள். இல்லை. கஞ்சி? இல்லை. தலையணையை உயர்த்தட்டுமா? இல்லை. ஜன்னல்? கோயில்? கடல்? ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில், நீ யோசித்து வை, நான் கொஞ்சம் தூங்குகிறேன் என்பதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய சைகைகளில் தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பதை ஹெலனால் ஏற்க முடியவில்லை. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வைத்தவள் அவள்.

*

ஆவணியில் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுத்துப் பார்த்துவிட்டு, இனி பெரிதாகச் செய்வதற்கில்லை என்று தையல் போட்டு மூடினார்கள். காயம் ஆறும்வரை வார்டில் வைத்திருந்தார்கள். வீட்டு ஆட்கள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் உள்ளே போகலாம்.

முதல் இரண்டு நாள் ஒரே குழப்பம். நர்ஸ் கல்யாணி கட்டைவிரலை உயர்த்தி, புருவத்தைத் தூக்கி, எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அப்பா உள்ளங்கையைப் படுக்கையில் அழுத்தி நீளமாகத் தேய்ப்பார். அவள் உடனே விரிப்பை இழுத்துச் சரிசெய்வாள். அவர் மறுபடி தேய்ப்பார். அவள் மறுபடி இழுத்துவிடுவாள். ஒரே நாளில் மூன்று முறை விரிப்பையே மாற்றினாள்.

"இவ்ளோ சுத்தம் பாக்கற பேஷண்ட நான் பாத்ததே இல்லைங்க," என்றாள் ஹெலனிடம்.

ஹெலனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ஹோட்டலில் முப்பது வருடம் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். அவர் பாஷையில் அந்தக் கைக்கு, சுருக்கம் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

"நீங்க இல்லாத நேரத்துல எனக்கு எப்டிங்க தெரியும்?" என்று கல்யாணி கேட்டாள். நியாயமான கேள்வி.

ஹெலன் புதுப்பட்டினத்தில் லட்சுமணன் என்பவரின் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். கல்பாக்கம் டவுன்ஷிப்புக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், பழைய படங்களைச் சரிசெய்வது. முதலில் அப்பாவின் சைகைகளை வீடியோ எடுத்துத்தான் அனுப்பினாள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் கை கறுப்பாகத் தெரிந்தது. அவர் வேகமாகப் பேசுகிறவர் வேறு. கல்யாணிக்குத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க நேரமும் இல்லை.

"வீடியோ எதுக்கும்மா? அஞ்சாறு ஃபோட்டோவா எடுத்து, லேயர் லேயரா அடுக்கி ஜிஃப்பா, அதான் அசையற படமா, போட்டுடு," என்றார் லட்சுமணன். "பின்னாடி இருக்கற குப்பையெல்லாம் வெட்டிடலாம். கை மட்டும் தெரியும். எந்த இடம் முக்கியமோ அந்த ஃபிரேம கொஞ்ச நேரம் நிக்க வெச்சிக்கலாம்."

அதற்கு அப்பா சைகையின் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கிறவரைப் பாதிச் சொல்லில் நிறுத்தச் சொல்வதைப் போன்ற காரியம் அது. முதல் நாள் அவரால் முடியவில்லை. இரண்டாம் நாள் அது அவருக்கு விளையாட்டாகிவிட்டது. ஹெலன் விரலை உயர்த்தினால் போதும், வாய்க்குப் போகும் கஞ்சிக் கரண்டியோடுகூட அப்படியே உறைந்துவிடுவார். பிறகு தோள் குலுங்கும்.

முதலில் செய்த படத்தில் அடுக்கு தலைகீழாக விழுந்திருந்தது. அடியில் இருக்கும் லேயர்தான் முதலில் ஓடும். அவள் முதல் படத்தை மேலே வைத்துவிட்டாள். 'எடுத்துக்கொண்டு போ' என்று நெஞ்சிலிருந்து வெளியே தள்ளுகிற கை, வெளியிலிருந்து நெஞ்சுக்கு வந்து, 'கொண்டு வா' ஆகிவிட்டது. படத்துக்கு நேர்மாறாகக் கையை வெளியே தள்ளி அவர் சாப்பாடு போதும் என்றதை, கல்யாணி 'கொண்டு வா' என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தட்டு இட்லி கொண்டுவந்து வைத்தாள். மாலையில் ஹெலன் அதைத் திரையில் காட்டியபோது அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு பத்து தடவையாவது பார்த்திருப்பார். தன் கை தனக்கே எதிராகப் பேசுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஸ்டான்லிக்குத்தான் பிடிக்கவில்லை. "நைனாவ கார்ட்டூன் கணக்கா ஆக்கி வெச்சிக்கீற. ஊர்ல கீறவன் எல்லாம் பாத்துச் சிரிக்கறதுக்கா?" என்று போனில் சண்டை போட்டான். சின்ன வயதில் தெருவில் அப்பாவின் சைகையைப் போலக் கைகாட்டிச் சிரித்தவர்களை அடித்து, அவனும் அடி வாங்கியிருக்கிறான். ஹெலன் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. மூன்று வாரத்தில் நாற்பத்தொரு சைகைகள் ஆகின. தண்ணீர், ஊசி வலி, திருப்பிப் படுக்க வை, காற்று வேண்டும். வீட்டு ஆட்களின் பெயர்கள். ஸ்டான்லிக்குக் காது மடலை இழுப்பது, ஹெலனுக்கு முகவாய்த் தழும்பைத் தொடுவது. கல்யாணிக்கும் அவர் ஒரு பெயர் வைத்தார்: மணிக்கட்டில் இரண்டு தட்டு. அவள் எப்போதும் கடிகாரம் பார்ப்பாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டான்லி வார்டுக்கு வந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த எல்லப்பன் என்பவர் அப்பாவிடம் கையால் பேசிக்கொண்டிருந்தார். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தொண்டையில் ஆபரேஷன், கழுத்தில் குழாய். குரல் போய்விட்டது. எழுதிக் காட்டினால் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கல்யாணியின் போனில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து அப்பாவின் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டார். தண்ணீர் கேட்க, ஊசியைத் திட்ட, டாக்டரைக் கேலி செய்ய. தேவைப்பட்ட இடத்தில் இரண்டு பேரும் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாத பேச்சு.

ஸ்டான்லி அன்று கட்டில் ஓரத்தில் நின்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது பஸ்ஸில் ஹெலனிடம் ஒன்று மட்டும் கேட்டான்.

"நைனா இவ்ளோ பேசுவாரா?"

*

வீட்டுக்குக் கூட்டிவந்து இன்றோடு பதினொரு நாள். முந்தாநாள் ஃபாதர் வந்து எண்ணெய் பூசினார். பேசாதவரிடம் பாவங்களைக் கேட்டு மன்னிக்கும் பாவசங்கீர்த்தனத்தை எப்படிச் செய்வது என்று அவருக்கே தயக்கம். மகள் நடுவில் நின்று மொழிபெயர்க்க முடியுமா? அப்பா கையைக் காட்டி அவரைத் தடுத்தார். உள்ளங்கையைத் தன் நெஞ்சின் மேல் வைத்து, தோளிலிருந்து தொப்புள் வரை நீளமாக இஸ்திரி போட்டார். ஃபாதர் ஹெலனைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னாள். ஃபாதர் சிரித்துவிட்டு ஆசீர்வாதம் கொடுத்தார்.

பதினொரு மணிக்கு அப்பா கண்ணைத் திறந்தார். ஹெலனைத் தேடி, மறுபடி அதே சைகை. இந்த முறை ஹெலன் போனை எடுத்தாள். வீடியோவாகவே எடுத்திருக்கலாம். ஆனால் ஒரு மாதப் பழக்கம், அவள் விரலை உயர்த்தினாள். அப்பாவின் முகம் மலர்ந்தது. உதட்டில் விரலோடு உறைந்தார். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு இடத்திலும் சரியாக நின்றார். ஆறு படங்கள்.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பின்னணியை வெட்டவில்லை. தலையணை, சுவர், மாதா காலண்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆறையும் அடுக்கி, ஒவ்வொரு லேயராக மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். விரல் உதட்டில். விரல் விலகி. மறுபடி உதட்டில்.

நான்காவது படத்தில் அவள் கை நின்றது.

இரண்டாவது தடவை உதட்டிலிருந்து எடுத்தபின், வீசுவதற்கு முன்னால், ஆட்காட்டி விரல் மட்டும் நேராகக் கேமராவை நோக்கி நீண்டிருந்தது. ஓடும் கையில் அது கண்ணில் பட்டிருக்காது. தனக்கு வேண்டும் என்றால் அப்பா தன் நெஞ்சைத் தொடுவார். இது ஹெலனை நோக்கி நீண்ட விரல். அவர் தனக்காக எதையும் கேட்கவில்லை. அவளை எதையோ செய்யச் சொல்கிறார்.

அந்த ஃபிரேமைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, படத்தைக் கல்யாணிக்கு அனுப்பினாள். 'சிஸ்டர், இது என்ன தெரியுமா?' என்று கீழே எழுதினாள்.

அரை மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. ஸ்டான்லியும் அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"ஹெலன், இது எங்க வார்டு பாஷைங்க. எல்லப்பன் சார் கண்டக்டர் இல்லையா? ஸ்கேனுக்கு, எக்ஸ்ரேக்குன்னு யார ட்ராலில தள்ளிட்டுப் போனாலும் ரெண்டு விசில் குடுப்பாரு. கையாலதான். ரைட், போலாம்னு. விசில் வாங்காம உங்கப்பா ட்ராலிய நகர விடமாட்டாரு. கட்டில் கம்பியையே புடிச்சிப்பாரு. போறவரு விசில் குடுக்கக் கூடாது, இருக்கறவங்கதான் குடுக்கணும். அதுதான் அவங்க ரூல்." பிறகு, "அவரு கேக்கறாரா ஹெலன்?" என்று கேட்டுவிட்டுப் பதிவு முடிந்தது.

அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. வாழ்நாளில் ஒரு விசில் சத்தத்தைக்கூடக் கேட்காதவர் அப்பா. மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்தில் முப்பது வருடம் நின்றிருக்கிறார். கண்டக்டரின் கை வாய்க்குப் போனால் பஸ் நகரும் என்று பார்த்துத் தெரிந்து வைத்திருப்பார்.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஹெலனுக்கு அவர் கண்ணில் தெரிந்தது: சேதி வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஹெலன் இரண்டு விரலைச் சேர்த்தாள். கை பாதி தூரம் உயர்ந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"குடுக்காத," என்றான் ஸ்டான்லி. காதில் இன்னும் அந்தப் பீடி இருந்தது. "நீ குடுக்காத ஹெலன். குடுக்கலன்னா இருப்பாரு இல்ல?"

"அப்டியெல்லாம் இல்லண்ணா."

"தெரியும். தெரிஞ்சிதான் சொல்றேன்."

அமிர்தவல்லி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். மீன் கவிச்சி போகச் சோப்பு போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஸ்டான்லியை ஓரம் தள்ளிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்தாள். மறுபடி வைத்து எடுத்தாள். கையை முன்னால் வீசினாள்.

"ரைட்டு," என்றாள். "போலாம்யா. நான் பாத்துக்கறேன்."

அம்மா அவரிடம் இவ்வளவு மெதுவாகப் பேசி ஹெலன் கேட்டதே இல்லை.

அப்பா வலது கையை உயர்த்திக் காட்டினார், ட்ராலியில் இருந்து காட்டுவதைப் போல. அதோடு நிற்கவில்லை. அந்தக் கையின் விரல்கள் ஒன்றுகூடி, அலகைப் போலத் திறந்து மூடின. மூன்று முறை.

"பாரு, இப்பவும் என்னிய வாயாடின்னுது," என்றாள் அம்மா. அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர் உடனே ஒன்றும் போய்விடவில்லை. ஒரு மணிக்கு நன்றாகத் தூங்கினார். மூன்று மணிக்கு எழுந்து இரண்டு கரண்டி கறுப்பு டீ குடித்தார். ஸ்டான்லி மின்விசிறியின் கிறீச்சொலிக்கு எண்ணெய் போடுவதை, அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டிராதவர், வேலை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்த்தார். நாலரை மணிக்கு அம்மா போர்வையைச் சரிசெய்யக் குனிந்தாள். நிமிரவில்லை. பிறகு ஹெலனைக் கூப்பிட்டாள். அப்பாவின் உள்ளங்கை விரிப்பின் மேல் தட்டையாகக் கிடந்தது.

*

மறுநாள் வெயில் கடுமையாக இருந்தது. பந்தல் போட்டார்கள். மாமல்லபுரம் ஹோட்டலில் இருந்து நான்கு பேர் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். பெட்டிக்குள் விரிக்க ஒரு விரிப்பு கொண்டுவந்திருந்தார்கள். நல்ல பருத்தி, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது. விரித்ததும் அம்மா இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

லட்சுமணன் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து எடுத்து வந்திருந்தார். அதில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் படத்துக்குள் வரவேண்டும் என்று ஹெலன் சொல்லியிருந்ததால், நெஞ்சுக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கி வெட்டியிருந்தார். ஒரு கை அந்தரத்தில் நின்றிருந்தது.

"எந்தச் சைகைம்மா இது?" என்று மெல்லக் கேட்டார்.

"கஞ்சிக் கரண்டிண்ணே. கரண்டிய வெட்டிட்டேன்."

பன்னிரண்டு மணி பஸ்ஸில் எல்லப்பன் வந்தார். கழுத்தில் வெள்ளைத் துண்டு. கூட வந்த அவர் மனைவி எல்லோருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா கையைக் காட்டி, தெரியும் என்றாள். எல்லப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஹெலன் பார்த்தபோது, அவரும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா நேற்று நடந்ததைச் சொன்னாள். உதட்டில் இரண்டு விரல். யார் கொடுத்தது என்று அவர் கேட்டார். அம்மா தன் நெஞ்சைத் தொட்டாள். எல்லப்பன் நீளமாகத் தலையாட்டினார். பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதை ஸ்டான்லி கவனித்தான். ஹெலன் அவனைக் கவனித்தாள்.

மூன்று மணிக்குக் கோயிலில் பூசை. நாலரைக்குக் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டார்கள். கடல் காற்றில் மணல் பறந்து எல்லோர் கண்ணிலும் விழுந்ததால், யார் அழுதார்கள், யார் கண்ணைத் துடைத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லப்பன் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, ஐந்து மணி பஸ் என்று மணிக்கட்டைக் காட்டிக் கிளம்பினார். அம்மா அவரையும் அவர் மனைவியையும் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடச் சொன்னாள். ஹெலனும் ஸ்டான்லியும் கூடப் போனார்கள்.

பஸ் கிளம்பியதும் ஸ்டான்லி டீக்கடைக்குச் சாலையைக் கடந்து போனான். ஹெலன் இந்தப் பக்கம் புங்க மரத்தடியில் நின்றாள். கல்பாக்கத்தில் ஷிஃப்ட் விட்ட நேரம். ஸ்டாஃப் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரத் தொடங்கின. எதிர்ப்பக்கம் மறைந்தது.

முதல் பஸ் கடந்தது. கடை வாசலில் ஸ்டான்லி அவளைப் பார்த்து நின்றான். கை உயர்ந்திருந்தது.

அடுத்த பஸ். அது போனதும், அவன் விரல்கள் டீ இறங்குவதைப் போலத் தொண்டையைத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

இன்னொரு பஸ். அவன் காதில் இப்போது அந்தப் பீடி இல்லை. அப்பா அவளைக் கூப்பிடுவதைப் போல முகவாயைத் தொட்டான்.

வரிசை நீளமாக இருந்தது. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் கிடைத்த சின்ன இடைவெளியில், புருவத்தைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சர்க்கரை கிள்ளுவதைப் போலச் சேர்த்துக் காட்டினான்.

ஹெலன் கையை உயர்த்தினாள். பாதிச் சர்க்கரை, என்று காட்டிவிட்டு, அடுத்த பஸ் போவதற்காக அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.